தட்டி எடுத்த ரிம் 19 நாள் ஓடியது: ஒரு பின்சக்கரத்தின் நிகழ்வு ஆய்வு

சார் அன்றைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரவில்லை. சீட்டுக்கு அடியில் கைகொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடி, முன்சக்கரத்தை மட்டும் உருட்டிக்கொண்டு வந்தார். கடை வாசலில் இறக்கி வைத்ததும், "பஞ்சர்தான் தம்பி. லேசா கோட்டமும் இருக்கு. பாத்து எடுத்துக் குடுங்க" என்றார். லேசான கோட்டத்துக்கு யாரும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள்.

திருச்சியில் எங்களுடையது சின்னக் கடை. அப்பா நாற்பது வருஷம் பார்த்தது, இப்போது நான் பார்க்கிறேன். அப்பா முக்காலியில் உட்கார்ந்து என் வேலையைப் பார்க்கிறார். இந்த ஒரு சக்கரத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஏமாந்தோம். ரிம்மைத் தட்டி எடுப்பதா, மாற்றுவதா என்ற கேள்வி வாரத்துக்கு நாலு முறை கடைக்கு வரும். இந்தத் தடவை தப்பான பதில் சொல்லி, பணமும் வாங்கி, அப்புறம் திருத்திக்கொண்டதால் முழுசாக எழுதி வைக்கிறேன்.

வண்டி, கியர் வைத்த ஹைப்ரிட். 700 சி சக்கரம், 35 மி.மீ. அகல டயர், 36 ஓட்டை இரட்டைச் சுவர் அலாய் ரிம், ரிம்மின் பக்கச் சுவரைப் பிடிக்கும் வி பிரேக். ஓட்டுபவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், 82 கிலோ. காலை மாலை சேர்த்து தினமும் 14 கி.மீ. முந்தின நாள் சாயங்காலம், குழாய் பதிக்கத் தோண்டி மண்ணால் மூடியிருந்த பள்ளம் ஒன்று மழையில் உள்வாங்கியிருந்திருக்கிறது. தண்ணீர் நின்றதால் ஆழம் தெரியவில்லை. முன்சக்கரம் எப்படியோ ஏறிவிட்டது, பின்சக்கரம் விளிம்பில் மோதியது.

டியூபைக் கழற்றிப் பார்த்தால் பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. ஆணியோ முள்ளோ குத்தினால் ஒரு ஓட்டைதான் இருக்கும். இரண்டு ஓட்டை என்றால், காற்று போதாமல் டயர் முழுக்க நசுங்கி, ரிம்மின் இரண்டு உதடும் டியூபை ரோட்டோடு வைத்துக் கடித்திருக்கிறது என்று அர்த்தம். அதாவது அடி டயருக்கு இல்லை, ரிம்முக்கு. டயர் பக்கத்தில் காற்றழுத்தம் 50 முதல் 75 பிஎஸ்ஐ என்று போட்டிருந்தது. சார் கைப்பம்பில் அடித்து, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து ஓட்டுகிற ஆள். பாதி ரிம் சேதம் இந்தக் கட்டைவிரல் அளவையில்தான் ஆரம்பிக்கிறது.

சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றினேன். வால்வுக்கு நேர் எதிரே ஒரு சாண் நீளத்துக்கு ரிம் உள்ளே அமுங்கியிருந்தது, ஆழம் 4 மி.மீ. அதே இடம் வலப்பக்கமாக 3 மி.மீ. விலகியிருந்தது. அடிபட்ட புள்ளியில் இரண்டு உதடும் வெளியே பிதுங்கி, 24 மி.மீ. இருக்க வேண்டிய அகலம் 26.5 ஆகியிருந்தது. பிரேக் கட்டை ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் 'டக்' என்று பிடித்துவிட்டது. குழிக்கு நேரே இருந்த போக்ஸ் கம்பிகளில் நாலு கையால் ஆட்டினால் கலகலவென்று ஆடின.

சாருக்கு 150 ரூபாய் சொன்னேன். புது ரிம் போட்டால் 1,500 தாண்டும் என்றும் சொன்னேன். "ஒரு குழிக்காக முழுச் சக்கரத்தையும் பிரிக்கணுமா?" என்றார். அப்பா முக்காலியில் இருந்தே, "ரெண்டு தட்டு தட்டினா வந்துரும் சார்" என்றார்.

அப்பா சொன்னது வெறும் வாயால் சொன்னது இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் பால்காரர் ஒருவரின் சைக்கிளில் இதே மாதிரி குழியைத் தட்டி எடுத்திருந்தோம். அது பழைய கறுப்பு வண்டி, 28 க்கு 1½ சக்கரம், பின்னால் 40 கம்பி, முன்னால் 32. ஸ்டீல் ரிம், ஒற்றைத் தகடு. கம்பிகளைத் தளர்த்தி, உள்பக்கம் பனங்கட்டையை வைத்துச் சுத்தியலால் நாலு அடி. ரிம் வெளியே வந்தது, கோட்டம் எடுத்தோம், 80 ரூபாய். கேரியரில் இரண்டு கேனோடு அது இன்றைக்கும் ஓடுகிறது.

அந்த வண்டியில் மூன்று விஷயம் நமக்குச் சாதகமாக இருந்தது. சாதா ஸ்டீல் வளையும், திரும்ப வளைத்தால் ஒன்றிரண்டு தடவை பொறுத்துக்கொள்ளும். 40 கம்பி இருப்பதால் ஒன்றிரண்டு சரியாக வேலை செய்யாவிட்டாலும் மற்றவை தாங்கும். மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை. அந்த வண்டியில் பிரேக் கம்பித்தண்டால் இழுபடுவது, கட்டை ரிம்மின் பக்கச் சுவரைத் தொடாது, சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பைப் பார்த்த உள்முகத்தைத்தான் தொடும். உதடு கொஞ்சம் பிதுங்கியிருந்தாலும் பிரேக்குக்குக் கவலை இல்லை, டயர் உட்கார்ந்தால் போதும். ஸ்டீல் ரிம்முக்கு எமன் வேறு: துரு. நிப்பிள் (கம்பியை ரிம்மில் பிடித்து இறுக்கும் சின்ன மரை) ஓட்டையைச் சுற்றித் தகடு அரித்துப்போனால் குழியே இல்லாவிட்டாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். கடற்கரைப் பக்கம் மீன் கூடை ஏற்றும் சைக்கிள்களில் அப்படித்தான் போகும், உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்குமே.

அந்தப் பழக்கத்தோடுதான் சாருடைய அலாய் ரிம்மில் கை வைத்தோம். குழிப் பக்கம் ஆறு கம்பியைத் தளர்த்தி, கட்டை வைத்துத் தட்டினோம். 4 மி.மீ. குழி 1.5 க்கு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. பிதுங்கின உதட்டுக்குத் தோல்துண்டு வைத்து ஸ்க்ரூ ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கினோம், அகலம் 24.5 ஆனது. அப்புறம் நிப்பிள் சாவியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பக்கக் கோட்டத்தை அரை மி.மீ.க்குள் கொண்டுவந்தேன். சுற்றிவிட்டால் சக்கரம் பார்க்க அழகாக ஓடியது. பிரேக் உராயவில்லை.

அந்த இடத்தில்தான் தப்பு நடந்தது. வேலை முடிந்ததும் வழக்கம்போலக் கம்பிகளை விரலால் சுண்டிப் பார்த்தேன். சக்கரம் முழுக்க 'டிங், டிங்' என்று வந்த சத்தம், குழி இருந்த இடத்தில் வலப்பக்கக் கம்பி மூன்றில் 'டப்' என்று செத்து விழுந்தது. அவற்றுக்கு இடையே இருந்த இடப்பக்கக் கம்பி ஒன்று மற்ற எல்லாவற்றையும்விட உச்சத்தில் ஒலித்தது. பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான பிரீவீல் வலப்பக்கம் இருப்பதால் வலக் கம்பிகள்தான் இறுக்கமாக இருக்க வேண்டும். இடப்பக்கத்தில் அந்த இழுப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேல் இருந்தால் போதும். இங்கே தலைகீழாக இருந்தது. காதில் விழுந்தது. கண்ணுக்கு நேராக ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன்.

ஏன் தலைகீழானது என்பது சுலபம். ரிம் அந்த இடத்தில் உள்ளேயும் வலப்பக்கமும் வளைந்திருந்தது. வலப்பக்க விலகலை எடுக்க வலக் கம்பியைத் தளர்த்தி, இடக் கம்பியை முறுக்கினேன். மிச்சமிருந்த உள்குழியை எடுக்கக் கம்பியால் முடியவே முடியாது. கம்பி ரிம்மை ஹப்பை நோக்கி இழுக்கும், வெளியே தள்ளாது. ஆக, வளைந்த தகடு வளைந்தே இருந்தது. அதை நேராகத் தெரிய வைக்கக் கம்பிகளை ஏறுக்குமாறாகக் கட்டி வைத்தேன், அவ்வளவுதான் செய்தது.

19 ஆம் நாள் சார் திரும்ப வந்தார், இந்தத் தடவை தள்ளிக்கொண்டு. குழிப் பக்கத்து வலக் கம்பி ஒன்று ஹப்புக்குப் பக்கத்தில், தலை வளைகிற இடத்தில் ஒடிந்திருந்தது. சார் கோபப்படவில்லை. "தம்பி, நீங்கதானே சரியாயிடுச்சுன்னு சொன்னீங்க" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தளர்ந்த கம்பி ஏன் ஒடிகிறது என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள், இறுக்கமானதுதானே ஒடிய வேண்டும் என்று. சக்கரம் சுற்றும்போது, அடியில் வருகிற கம்பிகளின் இழுப்பு பாரத்தால் ஒவ்வொரு முறையும் குறைந்து, மேலே போனதும் திரும்ப ஏறும். நன்றாக இறுக்கிய கம்பி, குறைந்தாலும் விறைப்பாகவே நிற்கும். தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றுக்கும் முழுசாகத் தொங்கி, திரும்ப வெடுக்கென்று இழுபடும். தலை வளைவில் அது ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடிப்பது மாதிரிதான். 35 மி.மீ. டயர் போட்ட 700 சி சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.17 மீட்டர் போகும், கி.மீ.க்கு 461 சுற்று. நாளைக்கு 14 கி.மீ. என்றால் 19 நாளில் சுமார் 1,22,000 தடவை அந்தக் கம்பி மடங்கி நிமிர்ந்திருக்கிறது. ஒடிந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஒடிந்த கம்பியை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கலாம், 30 ரூபாய் வேலை. அப்பா முதல்முறையாக முக்காலியை விட்டு எழுந்து வந்து, "எல்லாத்தையும் தளத்திட்டு ரிம்மைத் தனியாப் பாருடா" என்றார்.

டயர், பிரீவீல் கழற்றி, 36 நிப்பிளையும் அவிழ்த்து, வெறும் ரிம்மைக் கடை வாசல் கருங்கல் பலகை மேல் படுக்கப் போட்டோம். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழுந்தது. அப்பா ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையை மடித்து மடித்து இடைவெளியில் விட்டுப் பார்த்தார். மூன்று மி.மீ. கனத்துக்கு மடித்த அட்டை தடையில்லாமல் உள்ளே போனது. 19 நாள் முன்னால் அரை மி.மீ.க்குள் 'நேராக' இருந்த ரிம் அது. கம்பிகள் விட்டதும் தன் வளைவுக்கே திரும்பிவிட்டது.

அடுத்தது விரிசல். இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். குழிப் பக்கத்து நிப்பிள் ஓட்டைகளைத் துடைத்து, துணியில் தொட்ட மண்ணெண்ணெயைத் தடவி ஐந்து நிமிடம் விட்டேன். காய்ந்த துணியால் அழுந்தத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைத் தூவினேன். விரிசலுக்குள் போன எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து வெள்ளைப் பொடியில் கோடாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. உச்சத்தில் ஒலித்த அந்த இடக் கம்பியின் ஓட்டையில் இருந்து ரிம்மின் நீளவாக்கில், இரு பக்கமும் அரிசி நீளத்துக்கு, மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு. பள்ளத்தில் இறங்கியபோதே விட்டதா, நாங்கள் கட்டை வைத்துத் தட்டியதில் விட்டதா, நான் அளவுக்கு மீறி முறுக்கியதில் விட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றுமே காரணமாக இருக்கலாம். அலாய் ஒருமுறை வளைந்து கடினமான இடத்தில் திரும்ப வளைத்தால், ஸ்டீல் மாதிரி பொறுத்துக்கொள்ளாது.

விரிசல் தெரிந்த பிறகு யோசிக்க ஒன்றும் இல்லை. குழி எத்தனை மி.மீ., விலை எவ்வளவு என்ற கேள்வியெல்லாம் விரிசல் இல்லாத ரிம்முக்குத்தான்.

சரி, ரிம் மட்டும் மாற்றுவதா, முழுச் சக்கரமா? ஹப்பைத் திறந்து பார்த்தேன். பேரிங் குண்டுகள் உருளும் கோன், கிண்ணம் இரண்டிலும் குழி விழவில்லை. ஆக்சிலைக் கண்ணாடி மேல் உருட்டினேன், நேராக உருண்டது. ரெடிமேடாகக் கோத்து வருகிற பின்சக்கரம் 1,750 சொன்னார்கள். அதில் வரும் ஹப் இதைவிட மட்டம், கம்பிகள் தளரத் தளர இருக்கும், எப்படியும் நான் உட்கார்ந்து இறுக்கித்தான் கொடுக்க வேண்டும். ரிம் மட்டும் வாங்கினால் 850.

ரிம் வாங்கும்போது 700 சி, 36 ஓட்டை என்று மட்டும் கேட்டு வாங்கிவந்து திண்டாடியவர்கள் நிறையப் பேர். டயர் உட்காரும் விட்டம் 622 மி.மீ. என்பது சரிதான். ஆனால் கம்பி நீளத்தை முடிவு செய்வது உள்ளே நிப்பிள் தலை உட்காருகிற விட்டம். ரிம்மின் உயரம் மாறினால் அது மாறும். நேரெதிர் ஓட்டைகளில் இரண்டு கம்பியை நிப்பிளோடு விட்டு, இடையில் இருக்கும் தூரத்தை அளந்து, இரண்டு கம்பியின் நீளத்தோடு கூட்டினால் கிடைத்துவிடும். பழையது 604, புதியது 602. விட்டத்தில் 2 மி.மீ. என்றால் கம்பிக்கு 1 மி.மீ.தான், பழைய நீளமே போதும். பழைய கம்பிகளையே கோத்திருக்கலாம், பழைய ரிம்மோடு புது ரிம்மை டேப்பால் ஒட்டி வைத்துக் கம்பி கம்பியாக மாற்றுவது எங்கள் கடையில் வழக்கம்தான். ஆனால் 1,22,000 தடவை யார் யார் எவ்வளவு மடங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. துருப்பிடிக்காத 14 கேஜ் கம்பி ஒன்று 8 ரூபாய், 36க்கு 288. எல்லாமே புதிதாகப் போட்டேன்.

கம்பி பின்னும் வேலையில் விவரிக்க அதிகம் இல்லை, ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பியைக் குறுக்கே கடக்கும் மூன்று குறுக்கு, எல்லோரும் பின்னுவதுதான். ஒன்றை மட்டும் சொல்கிறேன், பல கடைகளில் விடுபடுவதால். பாதி இறுக்கிய பிறகு, பக்கத்துப் பக்கத்தில் இணையாக ஓடும் கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையால் பிடித்து, கை வலிக்க அமுக்க வேண்டும். 'டிக், டிக்' என்று முறுக்கு விடுபடும் சத்தம் கேட்கும். தலை வளைவு ஹப் ஓட்டையில் படிந்து உட்காரும். செய்தபின் சக்கரம் கொஞ்சம் கோட்டமாகும், திரும்ப எடுக்க வேண்டும். இதைக் கடையில் செய்யாவிட்டால் ரோடு செய்யும், அப்போது வாடிக்கையாளர் நம்மைத் திட்டிக்கொண்டு வருவார்.

முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு சுண்டினேன். வலப்பக்கம் பதினெட்டும் ஒரே சுருதி, இடப்பக்கம் பதினெட்டும் அதைவிடக் கீழே ஒரே சுருதி. சக்கரத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் கேட்பது என்று அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன்.

கணக்கு: ரிம் 850, கம்பி 288, ரிம் டேப் 40, கூலி 400. மொத்தம் 1,578. முதலில் வாங்கின 150ஐக் கழித்து 1,428 வாங்கினேன். அப்பாவுக்கு அந்தக் கழிவில் உடன்பாடு இல்லை. "வேலை செஞ்சது செஞ்சதுதானே" என்றார். நான் அந்த வேலையைச் செய்ததாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதே குழி முதல் நாளே விரிசல் பரிசோதனைக்குப் போயிருந்தால் சாருக்கு 19 நாளும், எனக்கு ஒரு மணி நேரமும் மிச்சம்.

அலாய் ரிம் என்றாலே தட்டக் கூடாது என்று சொல்லவில்லை. போன வாரம் பக்கவாட்டில் விழுந்து எட்டாகிப்போன முன்சக்கரம் ஒன்று வந்தது. பார்க்கப் பயங்கரம், அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, இரண்டு எதிர்ப் புள்ளிகளைத் தரையில் வைத்து, மற்ற இரண்டையும் கையால் அமுக்கியதும் 'டப்' என்று பழைய இடத்துக்கு வந்துவிட்டது. பொடியில் கோடு இல்லை, சுண்டினால் ஒரே சத்தம். 100 ரூபாயில் அனுப்பினேன். பார்க்கக் கொடூரமாக இருந்தது பிழைத்தது, ஒரு சாண் குழி சக்கரத்தையே முடித்துவிட்டது. எட்டு என்பது பெரும்பாலும் தகட்டின் நெகிழ்வுக்குள் நடந்த விஷயம். குழி என்பது தகடு தாண்டிப்போன விஷயம்.

முன்சக்கரம், பின்சக்கரம் என்ற வித்தியாசமும் உண்டு. பின் ரிம் விட்டால் வண்டி இழுத்துக்கொண்டு நிற்கும். முன் ரிம் விட்டால் ஆள் கைப்பிடிக்கு மேலே போவார். அதனால் முன்சக்கரத்தில் சந்தேகம் வந்தால் நான் பேரம் பேசுவதில்லை.

ஏழு மாதம் ஆகிறது. பத்து நாள் கழித்து ஒரே ஒருமுறை வரச்சொல்லி இரண்டு நிப்பிளைக் கால் சுற்று இறுக்கினேன், அதற்கப்புறம் சாவி படவில்லை. ஆனால் அன்றைக்கே சாருடைய முன்சக்கரத்தையும் பார்த்திருந்தேன். பிரேக் கட்டை தேய்த்துத் தேய்த்துப் பக்கச் சுவர் உள்வாங்கியிருந்தது. ஸ்கேலை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது, தேய்மானத்தைக் காட்ட ரிம்மில் போட்டிருக்கும் சின்னப் பள்ளம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. காற்றழுத்தம் அந்த மெலிந்த சுவரை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், ஒரு நாள் கிழியும். சாரிடம் சொன்னேன். "அடுத்த மாசம் பாத்துக்கலாம் தம்பி" என்றார். ஒவ்வொரு மாதமும் காற்றடிக்க வரும்போது ஸ்கேலை எடுத்து வைத்துக் காட்டுகிறேன்.